தொட்டித் தண்ணீரின் வரவு செலவு

அம்மாவுக்கு அது நீச்சல் குளம் இல்லை, தொட்டி. காலை ஆறரைக்கு டம்ளரும் கையுமாகப் பின்கட்டுப் படியில் உட்கார்ந்துகொண்டு, "தொட்டித் தண்ணி இன்னைக்கு எப்படி கண்ணு, இறங்கலாமா?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்கு நிஜமான பதில் சொல்லக் கற்றுக்கொள்ள எனக்கு எட்டு மாதம் ஆகியிருக்கிறது.

போன மாசியில் சூலூர் பக்கம் இந்த வீட்டை வாங்கினோம். குளம் வேண்டும் என்று தேடி வாங்கியதல்ல, வீட்டோடு வந்தது. முன்பு இருந்தவர்கள் கட்டி, இரண்டு வருடமாகத் தண்ணீர் விடாமல் போட்டிருந்தார்கள். மூடி விடலாம் என்றுதான் வீட்டுக்காரர் சொன்னார். ஆனால் அம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம். மார்பளவுத் தண்ணீரில் நடந்தால் உடம்பு எடை மூட்டில் இறங்காது, தினமும் இருபது நிமிடம் நடக்கட்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அதற்கு மேல் யோசிக்கவில்லை. நிரப்பினோம்.

முதலில் ஒரு கணக்கு. குளம் 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், ஆழம் ஒரு முனையில் 1 மீட்டர், மறுமுனையில் 1.5 மீட்டர். சராசரி ஆழம் 1.25 என்று வைத்தால் 40 கன மீட்டர், அதாவது 40,000 லிட்டர். இந்த ஒரு எண் தெரியாமல் எந்த மருந்தையும் தொடக்கூடாது. எங்களுக்கு அமைந்த பராமரிப்புக்காரர் எல்லாவற்றையும் மக் கணக்கில் போடுவார். அந்த மக்கில் எத்தனை கிராம் பிடிக்கும் என்று கேட்டபோது அவருக்குத் தெரியவில்லை. நான் வங்கியில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்க்கிறவள். எவ்வளவு உள்ளே வந்தது, எவ்வளவு வெளியே போனது, என்ன மிச்சம் என்று தெரியாத எதையும் என்னால் நிம்மதியாக வைத்துக்கொள்ள முடியாது. அன்று சாயங்காலமே ஒரு நீள நோட்டு வாங்கி வந்தேன்.

எங்கள் போர் எண்ணூறு அடி. தண்ணீர் பார்க்கத் தெளிவாக இருக்கும், வாயில் வைத்தால் கரிக்கும். பருப்பு வேகாது. வெந்நீர் அண்டா அடியில் மாதத்துக்கு ஒரு முறை சுண்ணாம்பைச் சுரண்ட வேண்டும். அந்தத் தண்ணீரைத்தான் பங்குனியில் நாலு நாள் ஓட்டி நிரப்பினோம். நிரம்பியதும் நீலமாக, அவ்வளவு அழகாக இருந்தது.

முதல் மாதம் முழுக்க பி.எச். தொல்லை. தண்ணீர் அமிலப் பக்கமா காரப் பக்கமா என்று சொல்கிற எண் அது. குளத்துக்கு அது 7.2-க்கும் 7.8-க்கும் நடுவில் இருக்க வேண்டும். நம் கண்ணீர் 7.4-ஐ ஒட்டி இருக்கும் என்பதால் கண் எரியாமல் இருப்பதும் அந்த அளவில்தான். பி.எச். கூடினால் குளோரினின் வேலையும் மந்தமாகும். வேறு எதுவும் கலக்காத தண்ணீரில் 7.5 இருந்தால், போட்ட குளோரினில் பாதி கிருமியைக் கொல்லும் வடிவத்தில் இருக்கும். 8-க்கு ஏறினால் கால்வாசிதான். எங்கள் குளம் மூன்று நாளைக்கு ஒரு முறை 8.2-க்கு ஏறிவிடும். அரை லிட்டர் ஆசிட் ஊற்றினால் இறங்கும். நாலாம் நாள் மறுபடியும் அங்கேயே நிற்கும்.

இதற்கு விடை சொன்னது பெரியப்பா மகன். திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையில் லேப் பார்க்கிற அண்ணன். போனில் கேட்டார், "அம்மிணி, கோலி சோடா உடைச்சு வச்சா என்ன ஆகும்?" காற்று போய்விடும் என்றேன். "உங்க போர் தண்ணியும் அதேதான். அடி மண்ணுல இருந்து கார்பன் டை ஆக்சைடையும் பைகார்பனேட்டையும் சுமந்துட்டு வருது. வெயில்ல, அலையில அந்தக் காத்து வெளிய போகப் போக பி.எச். ஏறும். நீ பி.எச்.சைப் புடிச்சுட்டு நிக்காத. ஆல்கலினிட்டி என்னன்னு பாரு."

ஆல்கலினிட்டி என்பது தண்ணீரின் தாங்கு சக்தி என்று வைத்துக்கொள்ளலாம். குளத்தில் லிட்டருக்கு 80 முதல் 120 மில்லிகிராம் போதும். எங்கள் போர் தண்ணீரில் 350. இவ்வளவு இருந்தால் ஆசிட்டை வாங்கி விழுங்கிவிட்டு, மறுபடியும் தன் இடத்துக்கே வரும். ரொம்பக் குறைந்தாலும் ஆபத்துதான். சின்ன மழைக்கே பி.எச். தாறுமாறாகச் சாயும். அப்போது ஏற்ற வேண்டியிருந்தால் நம் சமையல் கட்டு ஆப்ப சோடாவே மருந்து. லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் என்பதை ஒரு புள்ளி என்று வைத்தால், எங்கள் 40,000 லிட்டருக்கு 10 புள்ளி ஏற்ற முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவாகப் போதும். எங்களுக்கு வேண்டியதோ இறக்கம்.

சரி, குளோரினுக்கு வருகிறேன். நான் சறுக்கியது அங்கேதான்.

வெறும் குளோரினை வெயில் தின்றுவிடும். உச்சி வெயிலில் ஒரு மணி நேரத்துக்குள் பாதி போய்விடும். அதைத் தடுக்க சயனூரிக் ஆசிட் என்று ஒன்று உண்டு, குளோரினுக்குக் குடை பிடிக்கிற மாதிரி. கடைகளில் டி.சி.சி.ஏ. 90 என்று விற்கிற வெள்ளைப் பவுடரிலும் மாத்திரையிலும் குளோரினும் இந்தக் குடையும் சேர்ந்தே இருக்கும். பராமரிப்புக்காரர் தினமும் அதில்தான் 100 கிராம் போட்டார். நோட்டில் எழுதினேன்: 100 கிராம், குளோரின் 2.25 புள்ளி வரவு. சரியாகத்தான் இருந்தது. அதே 100 கிராமில் சயனூரிக் 1.35 புள்ளி வரவு என்பதை நான் எழுதவில்லை. அப்படி ஒரு கணக்குத் தலைப்பு இருப்பதே அப்போது எனக்குத் தெரியாது. குளோரின் தினமும் செலவாகிவிடும். சயனூரிக் செலவாகாது. வெயிலில் போகாது, ஆவியாகாது, ஃபில்டரில் நிற்காது. தண்ணீரை வெளியே எடுத்தால் மட்டுமே போகும். 30 முதல் 50 வரை இருந்தால் நல்லது. சித்திரை தொடங்கி ஆடி வரை நூறு நாள் அது சேர்ந்துகொண்டே இருந்தது.

நடுவில் மே மாதம். பிள்ளைகளுக்கு லீவு. என் பையனோடு சேர்த்துப் பதினோரு வாண்டுகள் நாலு நாள் குளத்திலேயே கிடந்தார்கள். மூன்றாம் நாள் எல்லோருக்கும் கண் சிவப்பு, கிட்டே போனாலே மருந்து நெடி. "நெறைய மருந்து போட்டுட்டாங்க போல" என்றார் அம்மா. நானும் அப்படித்தான் நினைத்து ஒரு நாள் நிறுத்திவிட்டேன். நெடி கூடியது. உண்மையில் சுத்தமான குளோரின் குளத்தில் இவ்வளவு நெடி இருக்காது. வியர்வை, சிறுநீர், தலை எண்ணெயோடு சேர்ந்த அழுக்குகளைப் பிடித்துப் பாதியில் நிற்கிற குளோரின்தான் அந்த நெடியைத் தரும், கண்ணையும் எரிக்கும். மேலும் குளோரின் போட்டு அதை எரித்து முடிக்க வேண்டும். மஞ்சள் நிறம் காட்டுகிற பழைய சொட்டு மருந்துச் சோதனை இரண்டையும் கூட்டித்தான் சொல்லும், எது உழைக்கிற குளோரின், எது கட்டுண்ட குளோரின் என்று பிரித்துச் சொல்லாது. ரோஸ் நிறம் காட்டுகிற டி.பி.டி. மாத்திரைச் சோதனை பிரித்துச் சொல்லும். விலை கூடுதல். ஆனாலும் அதைத்தான் வாங்கச் சொல்வேன். அப்புறம் ஒரு விதி வைத்தோம்: இறங்குமுன் யாராக இருந்தாலும் சோப்புப் போட்டு ஒரு குளியல்.

அந்த வாரம்தான் மோட்டார் ரூமுக்குள் முதல் முறையாக நின்று நிதானமாகப் பார்த்தேன். ஆறடிக்கு நாலடி அறை. ஒரு மூலையில் டி.சி.சி.ஏ. பை, அதன் மேலேயே பிளீச்சிங் பவுடர் பை, பக்கத்தில் மூடி சரியாக இறுகாத ஆசிட் கேன். இரண்டு பவுடரையும் அள்ள ஒரே பச்சை மக். மக்கின் அடியில் இரண்டும் கலந்து ஈரத்தில் இறுகி, பாலாடை மாதிரி ஒரு பத்தை. ஆசிட் கேனுக்கு நேர் மேலே இருந்த சுவரின் இரும்பு ஆணி துருவேறி உப்பியிருந்தது. அந்த இரண்டு பவுடரும் ஈரத்தோடு கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். ஆசிட்டும் குளோரின் மருந்தும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், மூடிய அறைக்குள் அது ஆளைக் கொல்லும். பையன் பந்து எடுக்க ஓடி வருகிற அறை அது. இதைப் படிக்கிறவர்கள் வீட்டில் குளம் இருந்தால், இன்றே போய் அந்த அறையைத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு மருந்துக்கும் தனி அளவை, ஆசிட்டுக்குத் தனி இடம், தண்ணீரில்தான் ஆசிட்டை ஊற்ற வேண்டும், ஆசிட்டில் தண்ணீரை ஊற்றவே கூடாது. மக்கை அப்புறப்படுத்தினேன். பிளீச்சிங் பவுடர் வாங்குவதையே நிறுத்தினேன். அது சுண்ணாம்புப் பொருள், ஏற்கனவே சுண்ணாம்பில் மூழ்கிக் கிடந்த தண்ணீர் எங்களுடையது.

ஆடி வந்தது. எங்கள் பக்கம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று சும்மா விடாது. புழுதி, வேப்பஞ்சருகு, தென்னம்பாளைத் தூள் எல்லாம் குளத்தில்தான் வந்து விழும். ஒரு திங்கட்கிழமை காலை மூலையில் பச்சையாக ஒரு தீற்றல். புதன்கிழமை படிக்கட்டு வழுக்கியது. வெள்ளிக்கிழமை அடி தெரியவில்லை. சோதித்தால் குளோரின் 2. எல்லாக் கையேடும் சொல்கிற அளவு. அம்மா இரண்டு வாரமாக இறங்கவில்லை. முட்டி மறுபடி வீங்க ஆரம்பித்தது. அதுதான் எனக்கு ஆற்றமாட்டாமல் போனது.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் பட்டறையிலிருந்து பியூரெட், குடுவைகளோடு வந்து இறங்கினார். அடுப்படி மேடையில் கடை பரப்பினோம். முதலில் கடினத்தன்மை, அதாவது தண்ணீரில் கரைந்திருக்கிற சுண்ணாம்பின் அளவு. குடுவையில் குளத்துத் தண்ணீர், அதில் ஒரு சிட்டிகை கறுப்புப் பொடி போட்டதும் நாவல்பழச் சாறு மாதிரி சிவந்தது. மேலிருந்து பியூரெட் குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக, சுண்ணாம்பைப் பிடிக்கிற இ.டி.டி.ஏ. கரைசல் விழ விழ, ஒன்றுமே நடக்காத மாதிரி இருந்து, கடைசியில் ஒரே ஒரு சொட்டில் சங்குப்பூ நீலமாகத் திரும்பியது. 800. போரிலிருந்து நேரே பிடித்த தண்ணீர் 600. குளத்துக்கு 200 முதல் 400 வரை இருந்தால் நல்லது. குளத்துச் சுவர் ஓட்டில் தண்ணீர் மட்டத்தை ஒட்டி வெள்ளைக் கோடு விழுந்து, நகத்தால் சுரண்டினாலும் போகாமல் இருந்ததன் காரணம் அதுதான்.

600 எப்படி 800 ஆனது? இதை அண்ணன் சொல்லவே தேவையில்லை, நானே போட்டுப் பார்த்தேன். கோடையில் நாளைக்கு அரை சென்டிமீட்டர் ஆவியாகிறது என்று வைத்தால் 32 சதுர மீட்டருக்கு 160 லிட்டர். அதை ஈடுகட்டத் தினமும் போர் தண்ணீரை விடுகிறோம். 160 லிட்டரில் 96 கிராம் சுண்ணாம்பு உள்ளே வருகிறது. தண்ணீர் மட்டும் வானத்துக்குப் போகிறது, சுண்ணாம்பு தங்குகிறது. மாதத்துக்கு 72 புள்ளி ஏற்றம். நான்கு மாதத்தில் இன்னும் கூட ஏறியிருக்க வேண்டும். மீதிதான் அந்த வெள்ளைக் கோடும் குழாய்க்குள் படிந்ததும். 1936-இல் அமெரிக்காவில் லாங்கலியர் என்பவர் ஊர்க் குடிநீர்க் குழாய்களுக்காக இதற்கு ஒரு கணக்கு முறை வகுத்தார் என்று அண்ணன் சொன்னார். பி.எச்., வெப்பம், சுண்ணாம்பு, ஆல்கலினிட்டி, கரைந்த உப்பு ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தால், அந்தத் தண்ணீர் சுண்ணாம்பைப் படிய வைக்குமா, இல்லை சுவரிலிருந்து அரித்து எடுக்குமா என்று தெரிந்துவிடும். எங்களுடையது படிய வைக்கிற பக்கம் வெகுதூரம் போயிருந்தது.

அடுத்தது சயனூரிக். இதற்கான சோதனைக் குழாயை இணையத்தில் வரவழைத்திருந்தேன். அடியில் ஒரு கறுப்புப் புள்ளி இருக்கும். மருந்து கலந்த தண்ணீர் மோர் மாதிரி கலங்கும். அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குழாயில் ஊற்றிக்கொண்டே மேலிருந்து பார்க்க வேண்டும். புள்ளி எந்தக் கோட்டில் கண்ணுக்கு மறைகிறதோ அதுதான் அளவு. கலங்கல் அதிகமானால் சீக்கிரமே மறையும். எங்கள் தண்ணீரை இரண்டு விரற்கடை ஊற்றுமுன்பே புள்ளி காணாமல் போனது. குழாயின் அடிக் கோடான 100-ஐக் கூடத் தண்ணீர் தொடவில்லை. குடிதண்ணீரைப் பாதிக்குப் பாதி கலந்து மறுபடி பார்த்தோம். 60-இல் மறைந்தது. அப்படியென்றால் உண்மையில் 120.

குளோரின் இந்தக் குடையின் கீழ் இருக்கும்போது பெரும்பகுதி கட்டுண்டே கிடக்கும். சயனூரிக் எவ்வளவு இருக்கிறதோ, அதில் நூற்றுக்கு ஏழரைப் பங்காவது குளோரின் இருந்தால்தான் பாசி அண்டாது. 120-க்கு 9 வேண்டும். நான் 2 வைத்துக்கொண்டு, கையேட்டில் உள்ளபடிதானே இருக்கிறது என்று நூறு நாள் நிம்மதியாக இருந்திருக்கிறேன்.

வழி ஒன்றுதான். பாதித் தண்ணீரை வெளியே எடுப்பது. எங்கள் ஊரில் இருபதாயிரம் லிட்டரை இறைத்துவிடுவது சின்னக் காரியம் இல்லை. இரண்டு தெரு தள்ளிக் குடத்தோடு நிற்கிறார்கள். ஒரு சொட்டும் சாக்கடைக்குப் போகக்கூடாது என்று முடிவு செய்தோம். இரண்டு நாள் மருந்து போடாமல் விட்டு, குளோரின் காட்டாததைச் சோதித்துவிட்டு, ஆறு நாளில் முப்பது தென்னைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பாய்ச்சினோம். தென்னை உப்பைத் தாங்கும். வாழைக்கும் கறிவேப்பிலைக்கும் விடவில்லை. உள்ளே வந்தது இரண்டு லாரி ஆற்றுத் தண்ணீர்.

அதன் பின் மாலையில் திரவ ஹைப்போ, அதாவது சோடியம் ஹைப்போகுளோரைட் என்கிற குளோரின் திரவம். 10 சதவீத ஹைப்போ ஒரு லிட்டர் ஊற்றினால் எங்கள் குளத்தில் 2.5 புள்ளி ஏறும். இதில் குடையும் இல்லை, சுண்ணாம்பும் இல்லை, கொஞ்சம் சாதா உப்பு மட்டும் மிஞ்சும். பாசியைக் கொல்ல, சயனூரிக் 60 ஆகியிருந்த தண்ணீருக்கு 24 புள்ளி வரை ஏற்றி, பாசி சாகும்வரை அங்கேயே நிறுத்த வேண்டும். பத்து லிட்டர் ஊற்றிவிட்டு டி.பி.டி. மாத்திரை போட்டேன். ரோஸே வரவில்லை, தண்ணீர் நிறமில்லாமல் நின்றது. குளோரின் இல்லவே இல்லை என்று பயந்து போனேன். அண்ணன் போனில், "நாலு பங்கு தண்ணி கலந்து போட்டுப் பாரு" என்றார். அடர் ரோஸ். குளோரின் மிக அதிகமானால் அந்த நிறத்தையே வெளுத்துவிடுமாம். இது தெரியாமல் மேலும் மேலும் கொட்டுகிறவர்கள் இருப்பார்கள், அதனால் எழுதி வைக்கிறேன்.

ஐந்து நாள் மோட்டார் இரவு பகலாக ஓடியது. வீட்டுக்காரர் காலையும் மாலையும் சுவரைப் பிரஷால் தேய்த்தார். ஃபில்டரின் அழுத்தம் ஏறும்போதெல்லாம் பேக்வாஷ், அதாவது தண்ணீரை எதிர்த்திசையில் விட்டு அதைக் கழுவுவது. பச்சை முதலில் சாம்பலானது, பிறகு அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி வெளுத்தது, ஐந்தாம் நாள் அடியில் ஓட்டின் கோடுகள் தெரிந்தன. ஆறாம் நாள் ஒரு ரூபாய் நாணயத்தை ஆழத்தில் போட்டேன். தலையா பூவா என்று மேலிருந்தே தெரிந்தது.

ஆல்கலினிட்டி 240-இல் இருந்து தண்ணீர் மாற்றியதிலேயே 150-க்கு வந்திருந்தது. மீதியை மூன்று வாரத்தில் இறக்கினேன். ஆசிட் ஊற்றி பி.எச்.சை 7.2-க்குக் கொண்டுவந்து, தண்ணீர் திரும்பி வருகிற குழாயின் மூக்கை மேலே திருப்பிக் கொப்பளிக்க விட்டால் காற்றேறி பி.எச். தானாக ஏறும், ஆல்கலினிட்டி ஏறாது. மறுபடி ஆசிட். மொத்தம் ஐந்தரை லிட்டர் போனது. 80-க்கு வந்த பிறகு வாரத்துக்கு ஒரு முறை ஆசிட் பாட்டிலைத் தொட்டால் பெரிது.

இப்போது ஐப்பசி. மொட்டை மாடி 150 சதுர மீட்டர், ஒரு மில்லிமீட்டர் மழைக்கு 150 லிட்டர் இறங்கும். முதல் மழையில் மாடியைக் கழுவி விட்டுவிட்டு, அடுத்த மூன்று மழையையும் சம்ப்பில் பிடித்தோம். குளத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கைத் தென்னைக்கு விட்டு மழைத் தண்ணீரை ஏற்றினோம். நடுவில் 480 வரை ஏறியிருந்த கடினத்தன்மை 320 ஆனது. சயனூரிக் 40. இனி அதற்குக் குளோரின் 3-க்குக் கீழே போகாமல், நாலு ஐந்தில் வைத்தால் போதும். தினமும் மாலை ஒன்று, ஒன்றரை லிட்டர் ஹைப்போ. வெயிலில் வைத்தால் ஹைப்போ வீரியம் இழந்துவிடும் என்பதால் பெரிய கேனாக வாங்குவதில்லை, பத்து நாளைக்கு வேண்டியது மட்டும்.

நோட்டில் இப்போது சயனூரிக்குக்குத் தனிப் பத்தி, கடினத்தன்மைக்குத் தனிப் பத்தி. பையன் தினமும் காலையில் சோதனைக் குழாயை வெளிச்சத்துக்குப் பிடித்து எண்ணைச் சொல்கிறான், நான் எழுதுகிறேன். இன்றைக்கு: குளோரின் 4, பி.எச். 7.5, ஆல்கலினிட்டி 80. மேகமூட்டம், இரவு மழை 12 மில்லிமீட்டர்.

"இறங்கலாமா கண்ணு?"

"இறங்குங்கம்மா."

கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கினார். முன்பு வழுக்கிய மூன்றாம் படியில் ஒரு நொடி நின்று காலால் தேய்த்துப் பார்த்தார். பிறகு மறுமுனை வரை நடந்து, திரும்பி, மறுபடி நடந்தார். இருபத்திரண்டு நிமிடம். அதையும் நோட்டிலேயே எழுதிவிட்டேன்.